குசினி மேசையில் ஒரு ஹம்பேர்க்

ஒரு மனிசன் ஒரு நேரத்தில ஒரு இடத்தில மட்டும்தான் இருக்கலாம் எண்டு நான் சின்ன வயசில இருந்தே நம்பிக்கொண்டிருந்தன். ஜேர்மனிக்கு வந்த பிறகும் கன வருசம் நம்பினன். எங்கட நகரத்து வெளிநாட்டவர் கந்தோர்தான் அந்த நம்பிக்கையை முறைப்படி, முத்திரை குத்தி, ரத்துச் செய்தது.

நகரத்தின்ர பேரைச் சொல்லமாட்டன். கெல்சென்கிர்ச்சனுக்குப் பக்கத்தில எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. பேரைச் சொன்னால் எனக்கு அந்தக் கந்தோரில அடுத்த ரெர்மின் கிடைக்காது. ரெர்மின் எண்டால், இன்ன நாள் இன்ன மணிக்கு நீர் வந்து காத்திருக்கலாம் எண்டு அவை தாற உத்தரவு.

என்ர பேர் அல்பேர்ட். எண்பதுகளில கிழக்கு பேர்லினில, ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில, பிளேனால இறங்கின கூட்டத்தில நானும் ஒருத்தன். இப்ப ஜேர்மன் பாஸ்போர்ட்டோட, மருந்துப் பெட்டி அடுக்கிற ஒரு களஞ்சியத்தில வேலை. ஆனால் என்ர உண்மையான உத்தியோகம் வேற: எங்கட சனத்தோட கந்தோருக்குப் போய் மொழிபெயர்க்கிறது. காசு வாங்கிறேல்லை. ஆட்டிறைச்சி ரோல்ஸ் தந்தால் வேண்டாமெண்டு சொல்லிறேல்லை. நான் கதவைத் திறந்தால் அங்க இருக்கிற எல்லா உத்தியோகத்தரும் “காலை வணக்கம், ஹெர் அல்பேர்ட்” எண்டுவினம். ஹெர் எண்டால் திருவாளர். பெருமைக்குத்தான் சொல்லுறன்.

இத்தனை வருசம் அந்த வாசலில ஏறி இறங்கி நான் கண்டுபிடிச்சது ஒண்டே ஒண்டு. கந்தோரில கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லலாம். நீயாய் ஒரு கேள்வி கேட்கக்கூடாது. “இதைச் செய்யலாமோ?” எண்டு ஒருக்காக் கேட்டுப்போட்டால், அதுவரைக்கும் எல்லாரும் சும்மா செய்துகொண்டிருந்த காரியம் அந்த நிமிசத்தில இருந்து உத்தரவு வேண்டிய காரியமாய் மாறிப்போகும்.

இதை நான் றொனால்டுக்கு எத்தினையோ தரம் சொன்னனான். அவர் தலையை ஆட்டுவார். தலையை ஆட்டலாமோ எண்டு கேட்டுப்போட்டுத்தான் ஆட்டுவார்.

றொனால்ட் மன்னார்ப் பொடியன். மனிசி கொறற்றி, மகள் யூலியா. யூலியா இஞ்ச பிறந்து, இஞ்ச பள்ளிக்கூடம் போற பிள்ளை. மூண்டு பேருக்கும் இருந்தது டுல்டுங். அது விசா இல்லை. உங்களைத் திருப்பி அனுப்பத்தான் வேணும், இப்போதைக்கு அனுப்பேல்லை எண்டு சொல்லுற ஒரு கடுதாசி. முடிய முடியப் புதுப்பிக்கவேணும். அதோட ஒரு நிபந்தனை: உத்தரவில்லாமல் மாநில எல்லையைத் தாண்டக்கூடாது.

இந்தக் கடுதாசியோட கன காலம் சீவிச்ச மனிசனுக்கு ஒரு வியாதி வந்துவிடும். எல்லாத்துக்கும் உத்தரவு கேட்கிற வியாதி. றொனால்ட் பஸ்ஸில யன்னல் திறக்க டிரைவரைக் கேட்பார். பூசையில இருமல் வந்தால் பாதரின்ர முகத்தைப் பார்ப்பார். சொந்த வீட்டில தேத்தண்ணிக்கு ரெண்டாம் கரண்டி சீனி போட, “போடட்டோ?” எண்டு கொறற்றியைக் கேட்பார். கொறற்றி பல்லைக் கடிச்சுக்கொண்டு, “போடுங்கோப்பா, சீனிக்கு எல்லை இல்லை” எண்டுவா.

2006 கடைசியில ஒரு புது விதி வந்தது. கன காலம் டுல்டுங்கோட இருந்த குடும்பங்கள், அடுத்த இலையுதிர்காலத்துக்குள்ள ஒழுங்கான முழுநேர வேலை காட்டினால் விசா. காட்டாட்டில் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். ஊரில சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். பெட்டி கட்டிக்கொண்டு எங்க போறது?

றொனால்டுக்கு இருந்தது அரைகுறை வேலை. சமையலறைக்கு, எங்கட குசினிக்கு, அலுமாரி செய்து வீடுகளில பூட்டுற ஒரு பட்டறையில பலகை தூக்கிறவர். பட்டறை முதலாளி நல்ல மனிசன். “எங்கள் வரைபடக்காரர் ஓய்வு பெறுகிறார்,” எண்டார். “நீ என் பென்சில் படங்களைப் பார்த்துவிட்டு அலுமாரி சுவர்களுக்கு நடுவில் அடங்காது என்று சொல்கிறாய். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. கணினியில் வரைய ஒரு சான்றிதழ் கொண்டு வா. முழுநேர வேலை தருகிறேன்.”

கொம்பியூட்டரில வீடு, அலுமாரி, ஆணி எல்லாத்தையும் அளவோட வரையிற அந்தப் படிப்புக்கு இஞ்ச காட் எண்டு பேர். பலகை தூக்கிக்கொண்டு பகலில வகுப்புக்குப் போக ஏலாது. ஹம்பேர்க்கில ஒரு நிறுவனம் அதைத் தொலைக்கல்வியாய்க் குடுத்தது. பாடம் தபாலில வரும், படத்தை இன்ரர்நெற்றில அனுப்பலாம். கோயிலில ஆரோ கழிச்சுவிட்ட கொம்பியூட்டர் ஒண்டு குசினி மேசையில ஏறினது. “இது முடிஞ்சால் யூலியா இஞ்ச படிப்பாள், அண்ணை,” எண்டு கொறற்றி எனக்குச் சொன்னா.

எல்லாம் நல்லாப் போயிருக்கும். டுல்டுங் புதுப்பிக்கப் போன அண்டைக்கு விஷ்னெவ்ஸ்கி அம்மா முத்திரையைக் குத்திப்போட்டா. அவதான் எங்கட சனத்தின்ர கோப்புகளைப் பார்க்கிற உத்தியோகத்தர். நான் எழும்பிக் கதிரையையும் உள்ளுக்குத் தள்ளிப்போட்டன். அப்பத்தான் றொனால்ட் என்ர காதுக்குள்ள, “அண்ணை, நான் தொலைக்கல்வி படிக்கலாமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்,” எண்டார்.

“கேட்காதை.”

“ஒரு பாதுகாப்புக்குத்தானே.”

“வாயை மூடிக்கொண்டு வாரும்.”

மனிசன் என்ர சொல்லுக் கேட்கேல்லை. மேசைப் பக்கம் திரும்பித் தன்ர உடைஞ்ச ஜேர்மனில தானே கேட்டுப்போட்டார். கழட்டின கண்ணாடியை விஷ்னெவ்ஸ்கி அம்மா திரும்பவும் போட்டா.

“தொலைக்கல்வி. எங்கே?”

“வீட்டில.”

“நிறுவனம் எங்கே அமைந்துள்ளது?”

“ஹம்பேர்க்கில.”

“அப்படியானால் நீங்கள் ஹம்பேர்க்கில் படிக்கிறீர்கள்.”

“இல்லை, குசினி மேசையில.”

“ஹெர் றொனால்ட், என் மகன் மூன்ஸ்ரர் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவன் மூன்ஸ்ரரில் இருக்கிறான். ஒருவர் எங்கே படிக்கிறாரோ அங்கேதான் இருக்கிறார்.”

எனக்குப் பொறுக்கேல்லை. “அம்மா, தொலைக்கல்வி எண்டால் தூரத்தில இருந்து படிக்கிறது,” எண்டன்.

“எவ்வளவு தூரத்தில்?”

“முன்னூறு கிலோமீற்றருக்கு மேல வரும்.”

“அது மாநில எல்லைக்கு வெளியே,” எண்டு சொல்லிப்போட்டு அவ கவலையோட தலையை ஆட்டினா.

விஷ்னெவ்ஸ்கி அம்மா கெட்டவ இல்லை. கெட்டவ எண்டால் ஏலாது எண்டு சொல்லி அனுப்பியிருப்பா; நாங்களும் போய்ச் சத்தமில்லாமல் படிச்சிருப்பம். அவ நல்லவ. உதவி செய்ய வழி தேடினா. தடிச்ச ஒரு புத்தகத்தைப் புரட்டினா, பக்கத்து அறைக்குப் போய்க் கதைச்சா, ஒரு பத்திரத்தை எடுத்து நிரப்பினா. அதில இப்பிடி இருந்தது: ‘மேற்படி நபர் செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலை வேளையில், கல்வியின் பொருட்டு, இம்மாநிலத்தை விட்டு நீங்கி ஹம்பேர்க்கில் தங்கியிருக்க இத்தால் அனுமதிக்கப்படுகிறார்.’ கீழ, பயணம் செய்யும் முறை எண்டொரு கட்டம். ரெயின், கார், மற்றவை. அவ ‘மற்றவை’க்குப் புள்ளடி போட்டு, பக்கத்தில ‘குசினி மேசை’ எண்டு வடிவான கையெழுத்தில எழுதினா.

படியில இறங்கேக்க நான் றொனால்டோட கதைக்கேல்லை. கதைச்சால் தூசணம்தான் வந்திருக்கும்.

வேற ஆளெண்டால் அந்தக் கடுதாசியை லாச்சிக்குள்ள போட்டுவிட்டுத் தன்ர பாட்டில படிச்சிருக்கும். றொனால்ட் உத்தரவை மதிக்கிறவர். செவ்வாய்க்கிழமை வேலையால வந்து, முகம் வழிச்சு, அயர்ன் பண்ணின சேட்டுப் போட்டு, யூலியாவைக் கொஞ்சி, கொறற்றியிட்ட “போட்டு வாறன்” எண்டு சொல்லிப்போட்டுக் குசினி மேசைக்குப் போய் இருப்பார். அதோட ஆள் ஹம்பேர்க். கூப்பிட்டால் திரும்பமாட்டார். கொறற்றி முதல் கிழமை விழுந்து விழுந்து சிரிச்சா. பிறகு, ஹம்பேர்க்கில இருக்கிற ஆளைக்கொண்டு தேங்காய் துருவிக்க ஏலாது எண்டு விளங்கினவுடன சிரிப்பை நிப்பாட்டினா.

உத்தரவு எண்டு ஒண்டு குடுத்தால் அதை ஒழுங்காய்ப் பாவிக்கினமோ எண்டு பார்க்கிறதுக்கும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் ஹெர் ப்ளூம். மெல்லிசான, பயந்த சுபாவமுள்ள மேற்பார்வை உத்தியோகத்தர். அவர் முதல் முதல் மணி அடிச்ச அண்டைக்கு நான் அங்க ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தன். கொறற்றி கதவைத் திறந்தா.

“ஹெர் றொனால்ட் வீட்டில் இருக்கிறாரா?”

“இல்லை. ஹம்பேர்க்கில.”

கொறற்றியின்ர தோளுக்கு மேலால பார்த்தால் குசினி. குசினியில மேசை. மேசையில றொனால்ட். ஹெர் ப்ளூம் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

“அங்கே இருப்பவர் யார்?”

“அவர்தான்.”

“அவரோடு பேசலாமா?”

“அப்பாவோட கதைக்கக்கூடாது,” எண்டு யூலியா குறுக்க வந்தாள். “அவர் தூரத்தில.”

ஹெர் ப்ளூம் யோசிச்சு, பேனையை எடுத்து, ‘நபர் ஹம்பேர்க்கில் இருப்பது நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது’ எண்டு எழுதினார். எழுதி முடிக்கேல்லை, றொனால்ட் எழும்பிக் கக்கூசுப் பக்கம் நடந்தார். ஹெர் ப்ளூமின்ர முகம் வெளிறிப்போச்சு.

“அவர் எங்கே போகிறார்?”

“கழிப்பறைக்கு,” எண்டன்.

“அது எந்த மாநிலத்தில்?”

நான் கையைத் துடைச்சுப்போட்டு எழும்பினன். “ஹம்பேர்க்கில கழிப்பறை இல்லாமல் இருக்குமோ, ஐயா?”

அவர் அதை நல்லா ஆராய்ஞ்சு பார்த்தார். பிறகு, ‘ஹம்பேர்க்கில் உள்ள கழிப்பறையைப் பயன்படுத்தினார்’ எண்டு கீழ சேர்த்தார். கொறற்றி அவருக்கும் ரோல்ஸ் குடுத்தா. அதுக்குப் பிறகு ஹெர் ப்ளூம் ஒரு செவ்வாய்க்கிழமை கூடத் தவறவிடேல்லை. கடமையில அவ்வளவு கண்ணும் கருத்துமான உத்தியோகத்தரை நான் கண்டதேயில்லை.

இதெல்லாம் நாலு சுவருக்குள்ள இருந்திருந்தால் பறவாயில்லை. எங்கட சனத்திட்ட ஒரு செய்தி போனால் அது செய்தியாய் இருக்காது, நாகரிகமாய் மாறும். றொனால்ட் காட் படிக்கிறாராம் எண்ட கதை மாதாந்தப் பூசையில வெளிக்கிட்டு, ஆசியாக் கடைக்குப் போய், தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில நிண்டு பெருத்துது. பெருங்காயம் வாங்கப் போற பெம்பிளையளும் “எங்கட இவர் காட் செய்யிறார்” எண்டு கதைக்கத் தொடங்கிச்சினம். ஒரு சாமத்தியவீட்டு அழைப்பிதழில பிள்ளையின்ர படத்துக்குப் பின்னால வீட்டின்ர கிடைப்படம், அளவுகளோட. ஒரு கலியாணத்தில மணவறையை முதலில கொம்பியூட்டரில மூண்டு பக்கமும் சுத்திக் காட்டிப்போட்டுத்தான் மாப்பிள்ளையை உள்ளுக்கு விட்டவை. ஒரு அன்ரி இடியப்ப உரலை வரைஞ்சு, அச்செடுத்து, கண்ணாடி போட்டு வரவேற்பறையில மாட்டினவ. அதில ஒரு இடியப்பமும் பிழிய ஏலாது.

ஆம்பிளையளுக்கு வேற லாபம். மண்டபத்தில கதிரை அடுக்க வா எண்டு கூப்பிட்டால், “ஐயோ அண்ணை, இண்டைக்கு நான் ஹம்பேர்க்” எண்டு போனை வைச்சுவிடுவினம். காட் எண்டால் என்னவெண்டு தெரியாதவையும் கிழமையில ரெண்டு நாள் ஹம்பேர்க் போச்சினம்.

எல்லாருக்கும் தலைவர் பரராசசிங்கத்தார். கலாச்சார மன்றத் தலைவர், ஆசியாக் கடை முதலாளி, என்னைப்போல ஜேர்மன் பாஸ்போர்ட்காரர். ஒருநாள் என்னைக் கடைக்குப் பின்னால கூட்டிக்கொண்டு போனார்.

“அல்பேர்ட், அந்தப் பொடியனிட்ட ஹம்பேர்க்குக்கு முத்திரை குத்தின பேப்பர் இருக்காமே.”

“ஓம்.”

“நானும் படிக்கிறன். என்னட்ட இல்லை.”

“உங்களுக்கு ஏன்? நீங்கள் ஜேர்மன்காரன். நினைச்ச இடத்துக்குப் போகலாம்.”

“அதில்லை விசயம். விசா இல்லாதவனிட்ட முத்திரை இருக்கு, தலைவரிட்ட ஒண்டுமில்லை எண்டால் சனம் என்ன நினைக்கும்?”

நான் சொன்னன், கேட்காதேங்கோ எண்டு. அவர் என்னைக் காரில ஏத்திக்கொண்டு கந்தோருக்குப் போட்டார். நான் மொழிபெயர்த்தன். விஷ்னெவ்ஸ்கி அம்மா அவற்ற பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் பார்த்தா.

“உங்களுக்கு எந்த அனுமதியும் தேவையில்லை.”

“அதை எழுதித் தரச் சொல்லு,” எண்டார் பரராசசிங்கத்தார்.

நான் அதையும் மொழிபெயர்த்தன். அவ மறுக்கேல்லை. எழுத்தில வேணுமெண்டு ஆள் கேட்டால் எழுத்தில பதில் குடுக்கவேணும் எண்டு அவையிட்ட ஒரு ஒழுங்கு இருக்கு. ‘மேற்படி நபருக்கு அனுமதி தேவைப்படவில்லை என்பது இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது.’ வட்ட முத்திரை, கையெழுத்து. பரராசசிங்கத்தார் அதைப் பிளாஸ்ரிக்கில அடைச்சு, கடையில பிள்ளையார் கலண்டருக்குப் பக்கத்தில தொங்கவிட்டார்.

பிறகென்ன, ஊர் முழுக்க அந்தப் பேப்பர் வேணுமெண்டு நிண்டுது. ஜேர்மன் பாஸ்போர்ட் உள்ள தமிழர் எல்லாரும், தங்களுக்குப் பேப்பர் தேவையில்லை எண்டதுக்கு ஒரு பேப்பர் எடுக்க, விடிய வெள்ளன வரிசையில நிண்டவை. பீலெஃபெல்டில இருந்து ஒருத்தர் போன் எடுத்தார், அங்கத்தைக் கந்தோரில அப்பிடி ஒண்டு இல்லையாம், இஞ்ச வந்து எடுக்கலாமோ எண்டு. ஒவ்வொருத்தரோடயும் நான்தான் போனன். வீட்டில ரோல்ஸ் வைக்க இடமில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில, கோடை முடியிற நேரம், றொனால்டுக்கு நிறுவனத்தில இருந்து அறிவித்தல் வந்தது. பாடம் எல்லாம் முடிஞ்சுது, கடைசிச் சோதினை ஒரு சனிக்கிழமை, நேரில, ஹம்பேர்க்கில. இப்ப அவருக்கு ஹம்பேர்க்குக்கு உண்மையாய்ப் போகவேணும். அதுக்கு ஒரு ரெர்மின் வேணும். ரெர்மின் எல்லாத்தையும் எங்கட சனம் பிடிச்சு வைச்சிருந்தது. காத்திருக்கிற அறையில இருந்த கதிரை கொஞ்சம்தான். நிரம்பினால் காவலாளி மற்ற ஆக்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். விசாவுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிற மனிசன் திரும்பித் திரும்பி வந்தார். உள்ளுக்குப் பரராசசிங்கத்தாரின்ர மச்சான்மார் தேவையில்லாத பேப்பருக்குக் கால்மேல கால் போட்டுக்கொண்டு இருந்திச்சினம். எனக்கு வந்த விசருக்கு ஒருத்தனை எழுப்பிவிட்டுத்தான் றொனால்டை உள்ளுக்குக் கொண்டுபோனன்.

விஷ்னெவ்ஸ்கி அம்மா கோப்பைப் பார்க்கப் பார்க்க முகம் வாடினது.

“ஹெர் றொனால்ட், நீங்கள் மாதக்கணக்காக ஹம்பேர்க்கில் ஒழுங்காகத் தங்கியுள்ளீர்கள். அங்கே படிக்கிறீர்கள். அங்கே உணவு உண்டதாக ஹெர் ப்ளூம் குறித்திருக்கிறார். கழிப்பறை கூட அங்கேதான். குடும்பத்தினர் கூப்பிட்டால் நீங்கள் பதில் சொல்வதில்லை. உங்கள் வாழ்வின் மையம் ஹம்பேர்க்குக்கு மாறிவிட்டது.”

“அம்மா, அவர் இஞ்ச எனக்குப் பக்கத்தில நிக்கிறார்,” எண்டன்.

“இன்று திங்கட்கிழமை,” எண்டா அவ.

ஆகவே கோப்பு ஹம்பேர்க்குக்குப் போகவேணும். ஹம்பேர்க் அதைப் பாரமெடுக்கிற வரைக்கும் புது உத்தரவு குடுக்கிற அதிகாரம் இஞ்ச ஒருத்தருக்கும் இல்லை. ஹம்பேர்க்குக்கு இவரைத் தெரியாது; தெரியாத ஆளுக்கு அவையும் குடுக்கமாட்டினம். சோதினை இல்லையெண்டால் சான்றிதழ் இல்லை, வேலை இல்லை, விசா இல்லை.

அண்டைக்கு அந்த வீட்டில ஒருத்தரும் சாப்பிடேல்லை. அலுமாரிக்கு மேல இருந்த பெட்டியைக் கொறற்றி இறக்கித் தூசு தட்டி வைச்சிருந்தா. “எனக்குப் பயமாயிருக்கு, அண்ணை,” எண்டா. “இவளை அங்க கொண்டுபோய் எந்தப் பங்கருக்குள்ள படிப்பிக்கிறது?” றொனால்ட் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் கேட்டிருக்கக்கூடாது, என்ன?” எண்டார். எனக்கு ஓம் எண்டு சொல்ல மனம் வரேல்லை.

கொறற்றி அந்தப் பழைய உத்தரவை எடுத்து மேசையில விரிச்சு வைச்சு வாசிச்சுக்கொண்டிருந்தா. பிறகு தலையை நிமித்தி, “அண்ணை, புது உத்தரவுதானே குடுக்க ஏலாது? இது இன்னும் செல்லும்தானே?” எண்டா.

“செல்லும். அதை வைச்சு என்ன செய்யிறது?”

“இந்த மேசையில இருந்தால் இவர் ஹம்பேர்க்கில இருக்கிறார் எண்டு அவையேதான் எழுதியிருக்கினம். சோதினையும் ஹம்பேர்க்கில. பேந்தென்ன, மேசையில இருந்து எழுதட்டும்.”

அடுத்த நாள் இன்னொரு மச்சானைக் கதிரையால எழுப்பிவிட்டுத் திரும்பவும் உள்ளுக்குப் போனம். றொனால்ட் தானே கேட்டார். இந்த முறை நான் தடுக்கேல்லை. விஷ்னெவ்ஸ்கி அம்மா கேட்டு முடிச்சுப்போட்டு அந்தத் தடிச்ச புத்தகத்தைத் திரும்பவும் புரட்டினா. பிறகு, “இதில் தவறு காண முடியவில்லை,” எண்டா. அவவுக்கும் சந்தோசம், குரலில தெரிஞ்சுது. உடன நிறுவனத்துக்கு எழுதினா: மேற்படி மேசை, குறித்த நாட்களில், ஹம்பேர்க்கில் அமைந்துள்ளது என உத்தியோகபூர்வமாக உறுதிப்படுத்தப்படுகிறது.

நிறுவனமும் ஜேர்மன் நிறுவனம்தான். முத்திரையைக் கண்டவுடன மறுபேச்சுப் பேசேல்லை. ரெண்டு விசயம் மட்டும் சொல்லிச்சினம். சோதினையைச் சனியில இருந்து செவ்வாய்க்கு மாத்தவேணும், ஏனெண்டால் சனிக்கிழமைகளில அந்த மேசை ஹம்பேர்க்கில இல்லை. மேற்பார்வைக்கு ஒரு அரசாங்க உத்தியோகத்தர் இருக்கவேணும். அதுக்கு ஹெர் ப்ளூம், நாங்கள் கேட்க முதலே கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திட்டார்.

சோதினையில வந்த கேள்வி, பொதுக் கந்தோர் ஒண்டுக்குக் காத்திருக்கிற மண்டபம் வரையச் சொல்லி. றொனால்டுக்கு இதைவிடத் தெரிஞ்ச பாடம் உலகத்தில இல்லை. மவுசைப் பிடிச்சவர் முதல் வேலையாய்க் கதிரையளை வரிசையாய் அடுக்கினார். கொறற்றி குசினிக்குப் போகேலாமல், அறையில யூலியாவின்ர வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. நான் வாசற்படியில நிண்டு செபமாலை சொன்னன்.

மனிசன் பாஸ். சான்றிதழில சோதினை நடந்த இடம் ஹம்பேர்க் எண்டு அச்சடிச்சிருந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாத்தினார். கோப்பும், ‘இப்படி ஒருவரை நாங்கள் அறியோம்’ எண்ட பதிலோட ஹம்பேர்க்கில இருந்து திரும்பி வந்தது; அதோட அதிகாரமும் இஞ்ச திரும்பினது. விசா ஒட்டின அண்டைக்கு றொனால்ட் தானே கதைச்சார், நான் சும்மா பக்கத்தில இருந்தன். கொறற்றி கந்தோர் எண்டும் பாராமல் விஷ்னெவ்ஸ்கி அம்மாவைக் கட்டிப்பிடிச்சு அழுதா. நானும் அழுதன், அதில மறைக்க என்ன இருக்கு.

இதோட முடிச்சிருக்கலாம். ஆனால் எங்கட சனம் கந்தோரை நிரப்பின நிரப்புக்கு, நகரசபை காத்திருக்கிற அறையைப் பெருப்பிக்கத் தீர்மானிச்சுது. வாங்கு, கதிரை, தடுப்பு எல்லாம் செய்யிற வேலை றொனால்டின்ர பட்டறைக்கு வந்தது. றொனால்ட் தன்ர சோதினைப் படத்தையே எடுத்து நீட்டினார். அருமையான மண்டபம். முந்தி கதிரை நிரம்பினால் வீட்டுக்குப் போய்ச் சோறாவது தின்னலாம். இப்ப வாற எல்லாருக்கும் கதிரை இருக்கு. அதால எல்லாரும் இருந்துதான் ஆகவேணும்.

நானும் ஒருநாள் அங்க போய் இருந்தன். ஏனெண்டால், ஒரு பிறந்தநாள் விழாவில பரராசசிங்கத்தார் நாலு பேர் கேட்க, “அல்பேர்ட், உம்மட்ட இன்னும் அந்தப் பேப்பர் இல்லையாமே?” எண்டார். குளிக்காத ஆளைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தவை. எனக்கு அது தேவையில்லை எண்டு எனக்குத் தெரியும். சரி, ஒரு பாதுகாப்புக்கு எடுத்து வைப்பம் எண்டு போனன்.

மண்டபம் நிறையத் தமிழ்ச்சனம். மத்தியானம் தாண்டியும் என்னைக் கூப்பிடேல்லை. அந்த நேரம் பார்த்து உள்கதவு திறந்து, உள்ளறை அலுமாரிக்கு அளவெடுக்க வந்த றொனால்ட் அளவு நாடாவோட வெளியால வந்தார்.

“அண்ணை, ஆருக்கு மொழிபெயர்க்க வந்தனீங்கள்?”

“எனக்குத்தான். என்னைக் கொஞ்சம் முன்னுக்கு விடச் சொல்லி உள்ளுக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடும், தம்பி.”

“அப்பிடி விடலாமோ எண்டு கேட்டுப் பார்க்கிறன்.”

“கேட்காதை,” எண்டு நான் எழும்புறதுக்குள்ள ஆள் உள்ளுக்குப் போட்டார்.

கொஞ்ச நேரத்தால விஷ்னெவ்ஸ்கி அம்மாவே வெளியில வந்தா. கண்ணாடி போட்டிருந்தா.

“ஹெர் அல்பேர்ட், ஹெர் றொனால்ட் நல்லதொரு கேள்வி கேட்டார். நீங்கள் எங்கள் மொழிபெயர்ப்பாளர்தானே, உங்களை முன்னுக்கு விடலாமா என்று. தேடிப் பார்த்தேன். இங்கே மொழிபெயர்க்க உங்களுக்கு அனுமதி இருப்பதாக எங்கும் இல்லை.”

நான் ரெண்டு பாசையிலயும் “ஐயோ” எண்டன்.

“ஆகவே, இதுவரை நீங்கள் மொழிபெயர்த்த எதுவும் இங்கே சொல்லப்படாததாகவே கருதப்படும். உங்கள் மூலம் பெற்ற சான்றுகளை எல்லோரும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஹெர் றொனால்டின் விசாவுக்குப் பிரச்சினை இல்லை. அவர் எல்லாவற்றையும் தானே கேட்டார்.”

மண்டபத்தில இருந்த அத்தனை தமிழ்ச்சனமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பரராசசிங்கத்தாரின்ர மச்சான் ஒருத்தர் பிளாஸ்ரிக்கில அடைச்ச தன்ர பேப்பரைச் சேட்டுக்குள்ள ஒளிச்சார்.

றொனால்ட் எனக்குப் பக்கத்தில வந்து, தான் வரைஞ்ச கதிரையில இருந்து, என்ர தோளில கை வைச்சார். மனிசனுக்கு உண்மையாய்க் கவலை.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, கேட்டுப்போட்டன். மொழிபெயர்ப்புக்கும் தொலைக்கல்வி இருக்காம், ஹம்பேர்க்கில. உங்கட வீட்டில குசினி மேசை இருக்குத்தானே?”